இரண்டு வெள்ளை

வஃப்ராவில், தக்காளிக் கூடாரங்களுக்கு அப்பால்
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
ஆகஸ்டிலும் இருபத்தெட்டு டிகிரி, ஜனவரியிலும் அதுவே.
நாற்பத்தியொரு பெட்டி.
பெட்டிக்கு ஒரு நல்ல பாம்பு, இரண்டு பூட்டு.
ஃபிரிட்ஜில் லபன் பாக்கெட்டுகளுக்குப் பின்னால்
விஷமுறிவு மருந்து, பன்னிரண்டு குப்பி.

என் வேலை நிறம் சொல்வது.

திருப்பூரில் பதினோரு வருடம் சாய லேப்.
துணியை ஷேட் கார்டோடு ஒட்டிப் பிடித்து
டியூப்லைட்டில் ஒருமுறை, மஞ்சள் பல்பில் ஒருமுறை,
வாசலுக்கு ஓடி வெயிலில் ஒருமுறை பார்த்துப்
பாஸ் என்றோ திருப்பு என்றோ கிறுக்குவேன்.
பட்டறைக்குச் சீல் வைத்தார்கள்.
கண்ணுக்கு வைக்கவில்லை.
அந்தக் கண்ணுக்குத்தான் இங்கே சம்பளம்.
விசாவில் மட்டும் தோட்டக்காரன்.

முதல் மாதம் கருப்பு, பழுப்பு, வெள்ளை என்று எழுதினேன்.
அபு ஃபவாஸ் சிரித்தார்.
பிறகு பேரேடு தடித்தது:
வெல்லப்பாகு.
புழுதிக்காற்றுக்கு மறுநாள் வானம்.
படத்தின் கண்ணாடிக் குறி உடைந்து
ஒரு காற்புள்ளி மட்டும் மிஞ்சியது.
டீயில் பால் விழும் முதல் நொடி;
அதற்குக் கரக் என்று பெயர் வைத்தோம்.
கோதுமை.
கோதுமையில் மட்டும் பேனா நிற்கும்.
தங்கையின் ஜாதகத்துக்குப் பின்னால்
தரகர் எழுதியதும் அதே சொல்.
அங்கேயும் விலை பேசினார்கள்,
கொடுத்தது நாங்கள்.

மொக்லெஸ் கொக்கியால் தூக்குவான்.
நான் நான்கடி தள்ளி நின்று எழுதுவேன்.
அதுவும் படமெடுத்து என்னைக் குறித்துக்கொள்ளும்:
சூடு, அசைவு, தூரம்.
நிறம் அதன் பேரேட்டில் இல்லை.

கஷ்டம் வெள்ளைதான்.
பன்னிரண்டாம் பெட்டியில் ஆண், முப்பதில் பெண்.
டியூப்லைட்டில் ஒரே தானில் கிழித்த துணி.
ஆனால் கண்ணைப் பார்:
ஆணுக்கு மாதுளை முத்து, பெண்ணுக்கு மை.
ஒன்று, தொட்டி இருந்தும் சாயம் காய்ச்சத் தெரியாத உடம்பு.
மற்றது, தொட்டியே கட்டாத உடம்பு.
இரண்டும் வேறு வேறு வெள்ளை என்றேன்.
வெள்ளையும் வெள்ளையும் வெள்ளைதானே என்று
ஜோடி சேர்த்தார் அபு ஃபவாஸ்.
முட்டை இட்ட அன்றே
செக் நாட்டுக்காரன் ஒருவனிடம் முன்பணமும் வாங்கினார்.

அறுபத்தியிரண்டாம் நாள் தோல் கீறியது.
முதலில் ஒரு மூக்கு. பழுப்பு.
அடுத்தது பழுப்பு.
பதினான்கும் பழுப்பு.

அப்பன் தொலைத்தது அம்மாவிடம் இருந்தது.
அம்மா தொலைத்தது அப்பனிடம் இருந்தது.
அவ்வளவுதான் நடந்தது.

சாதாரணம் என்று எழுது என்றார்.
சாதாரணம் ஏழு தினார், தீனிச் செலவுக்கே காணாது,
ஃப்ரீசரில் போடு.
வண்டி கேட்டைத் தாண்டும்வரை
நானும் மொக்லெஸும் ஒன்றும் பேசவில்லை.

ஷூ லேஸ் அளவு. தலையில் இன்னும் ஈரம்.
பேனாவை நீட்டியதும் ஒன்று எழுந்து
பெருவிரல் நகமளவு படம் விரித்தது.
விஷத்துக்கு ஷேட் கார்டு கிடையாது.

நிறம் என்ற கட்டத்தில் பழுப்பு என்று எழுதினேன்.
கட்டத்துக்கு வெளியே பென்சிலால்,
உள்ளே இரண்டு வெள்ளை.
பதினான்கு முறை.
போட்டோ எடுத்து அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.
ஃப்ரீசரில் இன்றுவரை
மொக்லெஸ் வாங்கி வைத்த இறால்தான் இருக்கிறது.

பத்தாம் நாள் குட்டிகள் முதல் சட்டை உரித்தன.
முப்பதாம் பெட்டியும் அன்றைக்கே உரித்தது.
வெள்ளையில் ஒரு துண்டு, பழுப்பில் ஒரு துண்டு கிள்ளி
வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தேன்,
பழைய பழக்கம்.
பழுப்பில் ஓர் இழை புகை கூடுதல்.
லேபில் என்றால்
பாஸ் போட்டிருப்பேன்.